பினாங்குக் காற்றில் பீங்கான், கண்ணாடி, கல்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பழம்பொருள் சீரமைப்புக் கையேடுகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுப் பட்டறைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அறை வெப்பம் 20 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காடு என்று அவை எடுத்துக்கொள்கின்றன. பினாங்கின் ஜார்ஜ்டவுனில் ஜன்னலைத் திறந்தால் 30 டிகிரி, 80 விழுக்காடு. அதே பசையை அதே அளவில் கலந்தாலும் இங்கே நடப்பது வேறு. ஆகவே வேலை கெட்டுப்போனால், கையைச் சந்தேகிக்கும் முன் காற்றைச் சந்தேகியுங்கள். கீழே வரும் பிழைகளில் பாதிக்கு மேல் நீரின் போக்குவரத்தால் வருபவை.

அதற்கு நம்பத்தக்க ஈரமானி வேண்டும். கடையில் வாங்கும் மலிவான ஈரமானி 10 விழுக்காடு பிசகுவது சாதாரணம். சோதிப்பது எளிது: ஒரு சிறிய மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சில துளி நீர் விட்டு, கரையாமல் சேறுபோல் இருக்கும்படி குழைத்துக்கொள்ளுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் இதையும் ஈரமானியையும் வைத்து மூடி 12 மணி நேரம் விடுங்கள். 75 காட்ட வேண்டும். 69 காட்டினால், உங்கள் கருவி அந்த அளவில் 6 குறைத்துக் காட்டுகிறது என்று அதன் முதுகிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். இந்த 75 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். அடுத்த பகுதியே அதைப் பற்றியதுதான்.

மண்பாண்டத்திலோ தரை ஓட்டிலோ வெள்ளையாகப் பூத்திருக்கிறது

முதலில் அது என்னவென்று தெரிய வேண்டும். பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். ஊசியாகவோ கனசதுரமாகவோ மின்னினால் உப்பு. பின்னிய நூலிழைகளாகத் தெரிந்தால் பூஞ்சணம். பழைய விலங்குப் பசையின் மீதும் படிந்த தூசியின் மீதும் அது வளரும். கொஞ்சம் பொடியைச் சுரண்டிக் கண்ணாடிச் சில்லில் வைத்து, தாது நீக்கிய நீர் ஒரு துளி விடுங்கள். கரைந்தால் கரையும் உப்பு. கரையாவிட்டால், இன்னொரு சிட்டிகையில் நீர்த்த அமிலம் ஒரு துளி. நுரைத்தால் சுண்ணாம்புப் படிவு. இந்தச் சோதனை எப்போதும் சுரண்டிய பொடியில்தான், பொருளின் மேல் கூடாது.

கரையும் உப்பு என்றால் காரணம் இதுதான்: சமையல் உப்பு 75 விழுக்காடு ஈரப்பதத்துக்கு மேல் காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும், அதற்குக் கீழே படிகமாகும். பினாங்கு வெளிக்காற்றில் கரைசலாகப் பானையின் துளைகளுக்குள் சும்மா கிடந்த உப்பு, குளிரூட்டிய அறைக்கு வந்ததும் படிகமாகி மேற்பரப்பைத் தள்ளுகிறது. காலையில் ஏர்கானைப் போட்டு மாலையில் அணைக்கும் அறையில் இது தினமும் ஒரு சுற்று. மேல்தோல் செதில் செதிலாக உதிர்வதும், மெருகு துண்டாகப் பெயர்வதும் இதனால்தான். எந்நேரமும் ஏர்கான் ஓடும் அறை நல்லது, ஏர்கானே இல்லாத அறை அதற்கு அடுத்தது. அலுவலக நேரத்துக்கு மட்டும் ஓடும் ஏர்கான்தான் உப்பேறிய பொருளுக்கு மிக மோசம்.

உப்பை எடுக்கும் முறை:

1. தளர்ந்த படிகங்களை உலர்ந்த மென்தூரிகையால் துடைத்தெடுங்கள். ஈரத்துணி வேண்டாம்; உப்பு கரைந்து உள்ளே திரும்பிவிடும்.
2. மறைவான இடத்தில் ஒரு துளி நீர் விட்டு ஒரு நிமிடம் பாருங்கள். மண் குழைந்தாலோ, சுட்டபின் தீட்டிய நிறம் பஞ்சில் ஏறினாலோ, செதில்கள் ஆடினாலோ ஊறவைக்கக் கூடாது. செதில்களை முதலில் 5 விழுக்காடு பாராலாய்ட் பி-72 (அசிட்டோனில் கரையும் அக்ரிலிக் பிசின்) கரைசலால் நிலைப்படுத்த வேண்டும்.
3. பழைய ஒட்டு இருக்கிறதா பாருங்கள். விலங்குப் பசை ஊறினால் விட்டுவிடும், இரும்புக் கவ்வி துருவேறும். அவற்றைக் கழற்றிய பிறகே ஊறல்.
4. உணவுத்தரப் பிளாஸ்டிக் தொட்டியில் வலை விரித்து, அதன் மேல் பொருளை வையுங்கள். பொருளின் எடைக்கு ஐந்து மடங்கு தாது நீக்கிய நீர்.
5. 24 மணி நேரத்துக்கு ஒரு முறை கடத்துமானியால் (நீரில் கரைந்த உப்பை மின்கடத்தலால் காட்டும் கருவி) அளந்து, குறித்து, நீரை மாற்றுங்கள். தொடக்கத்தில் நூற்றுக்கணக்கான மைக்ரோசீமென்ஸ் ஏறலாம். நாள்தோறும் ஏறும் அளவு மூன்று மாற்றங்களுக்கு ஏறக்குறைய ஒன்றாக நின்றுவிட்டால் நிறுத்துங்கள். பூஜ்யத்துக்குக் காத்திருக்காதீர்கள், சுட்ட மண்ணே கொஞ்சம் கரையும்.

நம் வெப்பத்தில் தேங்கிய நீர் சில நாளில் வழவழப்பாகிவிடும். தொட்டியை மூடி, இருட்டில் வையுங்கள். நீர் மாற்றும் நாளைத் தவறவிடாதீர்கள். கடலிலிருந்து எடுத்த பாண்டத்தை ஊறல் முடியும்வரை ஒரு மணி நேரம்கூடக் காயவிடக் கூடாது. அதை நேரே தூய நீரில் போடவும் வேண்டாம். கடல்நீரில் தொடங்கி, குழாய்நீரைப் படிப்படியாகக் கூட்டி, கடைசியில் தாது நீக்கிய நீருக்கு வாருங்கள்.

ஐந்தடி நடைபாதையின் (கடைவீட்டு முன்புறக் கூரையிட்ட நடைவழி) பூத்தரை ஓடுகளையும் சுவரோடுகளையும் ஊறவைக்க முடியாது. அங்கே பற்று: காகிதக்கூழை நீரில் அரைத்து, ஓட்டை நனைத்துவிட்டு, 1 முதல் 2 செ.மீ. கனத்தில் அப்பி, முழுதும் காய்ந்து தானே விலகும்வரை விடுங்கள். நீர் வெளிப்பக்கமாக ஆவியாகும்போது உப்பும் கூழுக்கு வந்துவிடும். தேவைப்பட்டால் மூன்று நான்கு முறை. ஆனால் பழைய கடைவீட்டின் சுண்ணாம்புச் சுவரில் யாராவது சிமெண்டு பூசியிருந்தால், சுவரில் ஏறும் ஈரம் அதன் வழியே வெளியேற முடியாமல் பக்கத்து ஓடுகளில்தான் வந்து நிற்கும். அந்தச் சிமெண்டை எடுத்துச் சுண்ணாம்புச் சாந்து பூசாமல் எத்தனை பற்றுப் போட்டாலும் அடுத்த ஆண்டு மறுபடி பூக்கும்.

ஒரு விதிவிலக்கு: குறிப்பிட்ட ஒரு மர அலமாரியில் இருப்பவை மட்டும் பூத்தால், ஒட்டுப்பலகையிலிருந்து வரும் அசிட்டிக் அமில ஆவியைச் சந்தேகியுங்கள். பொருளைக் கழுவினால் மட்டும் போதாது, அலமாரியை மாற்ற வேண்டும்.

ஒட்டிய இடம் மெல்ல வழுக்கி இறங்குகிறது

பாராலாய்ட் பி-72 ஏறக்குறைய 40 டிகிரியில் இளகத் தொடங்கும். அதில் அசிட்டோன் இன்னும் மிச்சம் இருந்தால் அந்த வரம்பு இன்னும் கீழே இறங்கும். கனமான ஒட்டில் அசிட்டோன் முழுதும் போக வாரங்கள் ஆகும். தகரக் கூரைக்குக் கீழே உள்ள மாடி அறையும், மதிய வெயிலில் நிறுத்திய காரும் 40 டிகிரியை எளிதாகத் தாண்டும். ஒட்டிய மறுநாளே பொருளைக் காரில் ஏற்றி அனுப்புவதுதான் இந்தப் பிழைக்கு முதல் காரணம்.

சரிசெய்ய: ஒட்டை அசிட்டோன் ஆவியில் இளக்கிப் பிரித்து, சுத்தம் செய்து, மறுபடி ஒட்டுங்கள். சுட்டெரிக்கும் அகழாய்வுக் களங்களில் பி-72 மூன்று பங்கும் பாராலாய்ட் பி-48என் ஒரு பங்கும் கலப்பார்கள்; பி-48என் இளகும் வரம்பு சுமார் 50 டிகிரி. ஏர்கான் இல்லாத வீட்டுக்குத் திரும்பப் போகும் பொருளுக்கு இந்தக் கலவையே ஏற்றது. பெரிய தண்ணீர்த் தாழி போன்ற கனமான பாண்டத்துக்கு இதுவும் போதாது. இரு விளிம்புக்கும் 10 விழுக்காடு பி-72 பூசி, நன்றாகக் காயவைத்து, அதன் மேல் எபாக்சி இடுங்கள். அப்போது பின்னால் பிரிக்க வேண்டியவருக்கு அசிட்டோன் போதும்.

பசை கலப்பது: 50 கிராம் பி-72 மணிகளை மெல்லிய துணியில் முடிந்து, 50 கிராம் அசிட்டோன் உள்ள கண்ணாடிச் சாடியில் தொங்கவிட்டு இரவு முழுதும் விடுங்கள். மணிகளை நேரே கொட்டினால் அடியில் கட்டியாகிவிடும். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். சாமி விளக்கும் ஊதுபத்தியும் அதே அறையில் இருக்கக் கூடாது.

ஒட்டு வழுக்காமல் காய்ந்த பிறகு பட்டென்று விட்டுப்போனால், அது பசை பற்றாத ஒட்டு. துளைமிகுந்த மண் பசையை உறிஞ்சிவிட்டது. விளிம்புகளுக்கு முதலில் 5 முதல் 10 விழுக்காடு கரைசலைப் பூசிக் காயவைத்த பிறகு ஒட்டுங்கள்.

பசை பூசிய இடம் பால்போல் வெளுத்துவிட்டது

அசிட்டோன் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. ஈரக்காற்றிலுள்ள நீர் அதன் மேல் படிந்து, காய்ந்துகொண்டிருக்கும் பிசினுக்குள் சிக்கிக்கொள்கிறது. மழை பெய்யும் மாலையில் ஜன்னல் திறந்த அறையில் பூசினால் இது கிட்டத்தட்ட நிச்சயம். பயப்பட வேண்டாம், திரும்பப் பெறலாம். அசிட்டோன் நனைத்த பஞ்சைச் சிறு கிண்ணத்தில் வைத்து, பொருளோடு சேர்த்துப் பெரிய கண்ணாடிக் கவிப்பால் மூடி 20 நிமிடம் விடுங்கள். படலம் இளகித் தெளிந்துவிடும். பிறகு ஈரப்பதம் 55க்குக் கீழுள்ள அறையில் காயவிடுங்கள். அறை அவ்வளவு உலராது என்றால், அசிட்டோனில் ஒரு பகுதிக்குப் பதிலாக மெதுவாக ஆவியாகும் எத்தில் அசிட்டேட் சேருங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. 20 டிகிரி அறையிலிருந்து பொருளை 30 டிகிரி, 80 விழுக்காடு வராந்தாவுக்குத் தூக்கி வந்தால், அந்தக் காற்றின் பனிநிலை (நீர் படியத் தொடங்கும் வெப்பநிலை) சுமார் 26 டிகிரி என்பதால் பொருள் உடனே வியர்க்கும். மூடிய பெட்டியில் வைத்தே வெளியே கொண்டுவந்து, சில மணி நேரம் கழித்துத் திறங்கள்.

கடைசித் துண்டு உட்கார மறுக்கிறது

ஒவ்வொரு ஒட்டிலும் மயிரிழை விலகல் இருந்தால், பத்தாவது துண்டில் அது ஒரு மில்லிமீட்டராகிவிடும். அரத்தால் தேய்த்து உள்ளே திணிப்பது மன்னிக்க முடியாத தவறு. அசல் விளிம்பு போய்விட்டால் திரும்ப வராது. பிரித்து மறுபடி தொடங்குங்கள். பசையில்லாமல் எல்லாத் துண்டுகளையும் நாடாவால் கட்டி முழு உருவத்தைப் பார்த்து, வரிசையைப் பென்சிலில் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எந்தத் துண்டும் இரண்டு பக்கத் துண்டுகளுக்கு நடுவே மேலிருந்து செருகும்படி வரக் கூடாது. பசை ஒரு விளிம்புக்கு மட்டும், உட்பக்கம் தள்ளி, மெல்லிய கோடாக. நகத்தை ஒட்டின் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் படி இருக்கிறது. பொன்பூச்சு உள்ள பக்கத்தில் நாடா ஒட்டாதீர்கள், கையோடு வந்துவிடும்.

விரிசலில் பழுப்புக் கோடு, பழைய ஒட்டு, கவ்விகள்

பழைய பசையை இழுத்துப் பிரிப்பதற்குப் பதில் அடையாளம் கண்டு கரையுங்கள். வெதுவெதுப்பான நீரில் இளகினால் விலங்குப் பசை. எரிசாராயத்தில் இளகி, புற ஊதா விளக்கில் ஆரஞ்சாக ஒளிர்ந்தால் அரக்கு. அசிட்டோனில் மெல்ல மென்மையானால் சூப்பர் குளூ வகையாகவோ வெள்ளைப் பசையாகவோ இருக்கும். இவை எதிலும் அசையாதது பெரும்பாலும் எபாக்சி; அசிட்டோன் நனைத்த பஞ்சோடு பாலித்தீன் பைக்குள் நாட்கணக்கில் வைத்தால் உப்பி விடும். அவசரப்படுத்தினால் பீங்கான்தான் உடையும்.

உலோகக் கவ்விகளை நெம்பாதீர்கள். அவற்றின் துளைகள் பீங்கானின் பாதிக் கனம் வரைதான் இருக்கும். மெல்லிய அரத்தால் நடுவில் அறுத்து, இரு பாதியையும் தனித்தனியே, செருகிய கோணத்திலேயே வெளியே இழுங்கள். கவ்வியிட்ட தட்டு நல்ல நிலையில் இருந்தால் கழற்றாமலே விடலாம். அந்தக் கைவேலையும் பொருளின் வரலாறுதான்.

பழுப்புக் கோட்டுக்கு, உயர்சூட்டுப் பீங்கானில் மட்டும்: முதலில் துண்டைத் தாது நீக்கிய நீரில் ஊறவிடுங்கள். காய்ந்த உடலில் போட்டால் கறை உள்ளே ஓடும். பிறகு 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடில், போடும் நேரத்தில் ஒரு துளி அம்மோனியா சேர்த்து, பஞ்சுத் திரியாக விரிசலில் வைத்துப் படலத்தால் மூடுங்கள். சில மணி நேரம் கழித்துப் பஞ்சை மாற்றி, முடிவில் நன்றாக அலசுங்கள். தேவைப்பட்டால் 10 விழுக்காடு வரை போகலாம். துருக்கறை இருந்தால் பெராக்சைடு அதைப் பரப்பிவிடும். முதலில் 5 விழுக்காடு அம்மோனியம் சிட்ரேட் பற்றால் துருவை எடுத்துவிடுங்கள். துணி வெளுக்கும் குளோரின் திரவம் எக்காரணம் கொண்டும் வேண்டாம். அது உப்பை விட்டுச் செல்லும், கதை முதல் பகுதிக்கே திரும்பும்.

ஞோன்யா மங்கில் துடைத்த பஞ்சு நிறமாகிறது

ஞோன்யா மங்கு என்பது பெரானாக்கான் சீனர் வீடுகளின் வண்ணப் பீங்கான். சீனாவின் சிங்தேச்சென் சூளைகளிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வந்த இந்த மங்குகளில் இளஞ்சிவப்பும் பச்சையும் மெருகின் மேலே தனியே இட்டுக் குறைந்த சூட்டில் சுட்டவை. பொன்கோடு அதைவிட மென்மை. பஞ்சில் நிறம் ஏறினால் உடனே நிறுத்துங்கள். ஏறியது பின்னால் தீட்டிய பழுதுநிறமா, அசல் நிறமா என்று லென்ஸில் பாருங்கள்: விரிசலின் குறுக்கே நிறம் தொடர்ந்து ஓடினால் அது பழுதுபார்த்தவர் தீட்டியது, அசிட்டோனில் எடுக்கலாம். விரிசலோடு உடைந்து நின்றால் அசல். தூசியை மென்தூரிகையால் மட்டும் எடுங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரம், சுடுநீர், பற்பசை மூன்றும் பொன்கோட்டுக்கு எமன்.

கண்ணாடி பிசுபிசுக்கிறது, அல்லது உள்ளே நுண்விரிசல் மின்னுகிறது

துடைத்த மறுநாளே மறுபடி வழுக்கலாக இருந்தால், நனைத்த பிஎச் தாளைத் தொட்டுப் பாருங்கள். 9, 10 என்று காட்டினால் கண்ணாடியே அழுகிறது. சுண்ணாம்பு குறைவாகவும் சோடாவோ பொட்டாசோ அதிகமாகவும் சேர்த்து உருக்கிய கண்ணாடியில், காற்றின் ஈரம் காரத்தை வெளியே இழுக்கிறது. இதற்கு முழு மருத்துவம் இல்லை, வேகத்தைக் குறைக்கலாம். தாது நீக்கிய நீரில் அலசி, உடனே எரிசாராயத்தில் கழுவி, பஞ்சால் ஒற்றிக் காயவையுங்கள். நுண்விரிசல் ஏற்கெனவே தெரிந்தால் கழுவவே வேண்டாம். அதன் பிறகு 40 விழுக்காட்டை ஒட்டிய நிலையான ஈரப்பதம். அதிகம் உலர்த்தினாலும் நீரிழந்த மேற்பரப்பு சுருங்கி வெடிக்கும்.

பினாங்கில் முழு அறையையும் 40இல் நிறுத்துவது வீண் செலவு. காற்றுப் புகாத அக்ரிலிக் பெட்டி செய்து, 40க்குப் பதப்படுத்திய சிலிக்கா ஜெல்லை, கன மீட்டருக்கு 20 கிலோ கணக்கில் அடித்தட்டில் வையுங்கள். 30 லிட்டர் பெட்டிக்கு 600 கிராம். உள்ளே ஒரு ஈரமானி. கதவிடுக்கு மூடாவிட்டால் ஜெல் சில வாரத்தில் தோற்றுவிடும், அதனால் ஜெல்லைவிட ரப்பர் விளிம்பில் கவனம் வையுங்கள்.

மண்ணிலிருந்து எடுத்த கண்ணாடி வேறு. கெடாவில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கின் சுங்கை மாஸ் போன்ற இடங்களில் கிடைக்கும் சிறு மணிகளில் வானவில்லாகத் தெரியும் படலம் அழுக்கன்று, கண்ணாடியின் சிதைந்த அசல் மேற்பரப்பு. சுரண்டினால் மணியின் வடிவமே போகும். ஈரமாகக் கிடைத்தால் ஈரமாகவே வைத்து, 50, 75, 100 விழுக்காடு எத்தனாலில் அடுத்தடுத்து மாற்றி, பிறகு பி-72 நீர்த்த கரைசலில் நிலைப்படுத்துங்கள்.

கண்ணாடியில் நிரப்பிய எபாக்சி காயவில்லை, மஞ்சளாகிறது

பிசுபிசுப்பு என்றால் பெரும்பாலும் அளவு பிழை. ஹெக்ஸ்டால், அரல்டைட் 2020 இரண்டும் கண்ணாடிக்கான தெளிந்த எபாக்சிகள்; பிசினையும் கடினமாக்கியையும் கலப்பவை. ஹெக்ஸ்டால் எடைக்கணக்கில் 3க்கு 1. அரல்டைட் 2020 எடைக்கணக்கில் 100க்கு 30. கரண்டியால் அளக்காதீர்கள், 0.01 கிராம் தராசு வேண்டும். ஹெக்ஸ்டால் இறுக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். மூன்றாம் நாள் தொட்டுப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று வழிக்காதீர்கள். அதன் பிசின் குப்பியில் வெள்ளையாக உறைந்திருந்தால் வெந்நீர்த் தொட்டியில் வைத்து முழுதும் உருக்கி, ஆறவைத்த பிறகே எடை போடுங்கள். மேற்பரப்பில் மட்டும் எண்ணெய்ப்பிசுக்கு இருந்தால் கடினமாக்கி காற்றின் ஈரத்தோடு சேர்ந்துவிட்டது. குப்பியை இறுக மூடி, உலர்ந்த பெட்டியில் வையுங்கள். மஞ்சளுக்குப் பெரும்பாலும் காரணம் ஐந்து நிமிட எபாக்சி. எடுத்துவிட்டு மேலே சொன்ன இரண்டில் ஒன்றைப் பயன்படுத்துங்கள். சாதாரணச் சோடாக் கண்ணாடிக்கு ஒளிவிலகல் 1.52 உள்ள ஹெக்ஸ்டால் பொருந்தும். ஈயக் கண்ணாடிக்கு 1.55 உள்ள அரல்டைட் 2020 நெருங்கி வரும்.

கருங்கல் சிலை கறுத்துப் பிசுக்கேறியிருக்கிறது

வழிபாட்டில் உள்ள சிலை என்றால் கோவில் நிர்வாகம், குருக்கள், ஸ்தபதி மூவரின் ஒப்புதல் முதலில். பாலாலயம் (திருப்பணிக்காகத் தெய்வத்தைத் தற்காலிகமாக வேறிடத்தில் எழுந்தருளச் செய்வது) செய்திருக்கும் காலமே இதற்கு ஏற்றது. எண்ணெய்க் காப்பும் கர்ப்பூரப் புகையும் அடுக்கடுக்காகக் கெட்டிப்பட்ட படலத்தை, வெதுவெதுப்பான நீரில் 1 விழுக்காடு அயனியற்ற சோப்பும் நைலான் தூரிகையும் கொண்டு தொடங்குங்கள். மசியாத இடத்தில் வெண்களிமண்ணை ஒயிட் ஸ்பிரிட்டில் குழைத்து அப்பி, படலத்தால் மூடி 24 மணி நேரம் விடுங்கள். பீடத்தின் அடியில் சிலையைப் பிடித்து நிறுத்தும் சாந்தான அஷ்டபந்தனம் அரக்கும் குங்கிலியமும் மெழுகும் சேர்ந்தது, கரைப்பானிலும் வெந்நீரிலும் இளகும்; அதைச் சுற்றி மூன்று விரல் அகலம் தொடாமல் விடுங்கள். காஸ்டிக் சோடா, அமிலக் கல்சுத்திகள், மணல் வீச்சு மூன்றும் உளி வேலையின் நுண்மையை அழித்துவிடும்.

கல்லறைக் கல்லில் பச்சைப்பாசி, பளிங்கில் மெருகு போய்விட்டது

பினாங்கில் பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட் 1794இல் அடக்கமான பழைய புரொட்டஸ்டண்ட் இடுகாட்டில் இருப்பவைபோல மர நிழலில், சுண்ணாம்புப் பூச்சோடு நிற்கும் கல்லறைகளில் பாசி வருவது இயல்பு. அழுத்த நீரைப் பாய்ச்சினால் எழுத்து போகும், சாந்தும் போகும். பென்சல்கோனியம் குளோரைடு என்ற பாசிக்கொல்லியை 2 விழுக்காடு தெளித்து, இரண்டு நாள் மழை வராத நேரமாகப் பார்த்து, இரண்டு வாரம் விட்டு, இறந்த பாசியை மென்தூரிகையால் எடுங்கள். செதில்பாசிக்கு (லைக்கன்) இன்னொரு முறை தேவைப்படும்.

பளிங்கு மங்கிப்போனால் யாரோ எலுமிச்சையோ புளியோ போட்டுத் தேய்த்திருப்பார்கள். அமிலம் தின்ற மெருகை எந்தச் சுத்தியும் திருப்பித் தராது, மீண்டும் மெருகேற்றினால் செதுக்கலின் விளிம்பு தேயும். விரலால் தடவும்போது சர்க்கரைபோல் மணி மணியாக உதிர்ந்தால் தண்ணீர்கூட விடாதீர்கள். உதிர்ந்ததைச் சிறு பையில் சேர்த்து இடத்தைக் குறித்து, மழை நேரடியாக விழாதபடி காற்றோட்டத்துடன் மறைப்புக் கட்டி, கல் உறுதிப்படுத்தும் பயிற்சி உள்ளவரிடம் ஒப்படையுங்கள். பிளாஸ்டிக் தாளால் இறுகப் போர்த்த வேண்டாம். உள்ளே நீர் வியர்த்துப் பாசி வாரத்துக்குள் வந்துவிடும்.